இரண்டாம் ஷிப்ட் கேசட்டும் என் சைக்கிள் டியூப்பும்

பிப்ரவரி 2

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். 1983-இல், உப்பிலிபாளையம் கோமதி மில்லுக்கு எதிரே இருந்த தொழிலாளர் படிப்பகத்தில், நாலு பேர் முன்னிலையில் சொன்னேன்: “இந்தக் கேசட்டை நாப்பது வருசம் கழிச்சு உலகமே தேடிட்டு வரும், பாருங்க.” கேட்ட நாலு பேரும் இப்போது உயிரோடு இல்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்று என் தங்கை மகள் இந்துஜா சென்னையிலிருந்து போன் செய்தாள். பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்துப் புதிதாக இசைத்தட்டு போடும் கம்பெனியில் இருக்கிறாள். அடுத்து அவர்கள் போடப் போவது ‘இரண்டாம் ஷிப்ட்’. நம் ஊர்க் கேசட். சினிமா கிடையாது, சாமி பாட்டும் கிடையாது. மூன்று மில்காரர்களும் எஸ்தர் டீச்சரும் சேர்ந்து போட்ட ஏழு பாட்டு. ஸ்பின்னிங்கில் நூல் ஓடும் சத்தத்தைத் தாளமாக வைத்து, மில்லுக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியைப் பற்றி ஒரு பாட்டு, பஞ்சுத் தூசியைப் பற்றி ஒரு பாட்டு என்று, நடுவில் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். கடைசிப் பாட்டு முடியும்போது எஸ்தர் டீச்சர் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பார். அதே சுரத்தில், ஷிப்ட் மாற மில்லில் ஊதும் இரண்டு மணிச் சங்கு வந்து கலக்கும். அப்போது விற்றது முந்நூறு கேசட். இப்போது கனடாவில் ஒரு பையன் அதிலிருந்து நாலு விநாடி எடுத்து ராப் பாட்டு போட்டிருக்கிறான். மலேசியாவில் கல்யாணத்துக்கு வாசிக்கிறார்கள். ஒரு பெண் அதைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமே வாங்கிவிட்டாள்.

இந்துஜா ஒரு சந்தேகம் கேட்டாள். “மாமா, அந்தப் பாட்டோட சுதி நாலு கட்டையிலயும் இல்ல, நாலரைக் கட்டையிலயும் இல்ல. நடுவுல நிக்குது. நாப்பது வருசமா யாருக்கும் காரணம் தெரியல. நீங்க அங்க இருந்தீங்கல்ல?”

இருந்தேன் என்றேன். காரணமும் சொன்னேன். பதிவு செய்த டேப் ரிக்கார்டரின் பெல்ட் சரியில்லை என்று, நான் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒரு பெல்ட் செய்து மாட்டினேன். மிஷின் கொஞ்சம் வேகமாக ஓடிற்று. அதனால் சாதாரண மிஷினில் போட்டால் குரல் கொஞ்சம் இறங்கி, கனமாக, மயக்கமாகக் கேட்கிறது. திட்டமிட்டுத்தான் செய்தேன்.

“மாமா, இது எவ்வளவு பெரிய விசயம்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

எனக்குத் தெரியாதா.

(இந்த டைரி பம்ப் செட் கம்பெனி கொடுத்த போன வருஷத்து டைரி. அச்சடித்த கிழமைகள் தவறு. நான் எழுதுவதெல்லாம் சரி.)

பிப்ரவரி 3

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. நானே மாட்டுகிறேன் என்று என் மனைவி பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 6

இந்துஜாவும் கிரிதர் என்ற சவுண்டு என்ஜினீயரும் வந்தார்கள். பையன் மெலிந்தவன், நல்லவன். கழுத்தில் ஹெட்போன் மாலை மாதிரி தொங்குகிறது. கேள்வி கேட்கும்போது நோட்டில் எழுதிக்கொள்கிறான். மில்லில் என்ன வேலை என்று கேட்டான். போக்குவரத்துப் பிரிவு என்றேன். காப்பி கொண்டுவந்த பாக்கியம், “சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுத்தாருங் தம்பி. அதுவும் பாட்டுப் புடிச்சதுக்கு அடுத்த வருசந்தான் சேந்தாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நிர்வாகம் பற்றித் தெரியாது.

பெல்ட்டைப் பற்றி விவரமாகக் கேட்டான். சொன்னேன். அது சாதாரண சைக்கிள் டியூப் இல்லை, மில் முதலாளியின் மகன் சீமையிலிருந்து கொண்டுவந்த ரேஸ் சைக்கிளின் டியூப். இரண்டு விரற்கடை அகலம். வெட்டியது சவரக் கத்தியால். முதல் பெல்ட் சரிவரவில்லை, இரண்டாவதும் சரிவரவில்லை, ஏழாவது பெல்ட்தான் கச்சிதமாக உட்கார்ந்தது. கிரிதர் கண்ணை விரித்துக் கேட்டான். நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து, “சார், அப்ப நூத்துக்கு மூணு பங்கு வேகம் கூடுதல். கச்சிதமா பொருந்துது” என்றான்.

பொருந்தத்தானே செய்யும்.

இசைத்தட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வருமாம். அதில் ‘ஒலிப்பதிவு உத்தி: மருதாசலம்’ என்று போடுகிறார்கள். எழுத்து எந்த அளவில் இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.

அவர்கள் புறப்படும்போது கிரைண்டர் மூலையில் கவிழ்ந்து கிடப்பதைப் பையன் பார்த்துவிட்டான். பாக்கியம் விளக்கம் சொன்னாள்: “பெல்ட் அறுந்துருச்சு தம்பி. மூணு நாளா இவரு மாட்டறாரு.”

பிப்ரவரி 7

சிறுவாணித் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் பிடித்தாயிற்று. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. அரிசிம்பருப்பு சாதம்.

பிப்ரவரி 9

எஸ்தர் டீச்சர் வந்திருந்தார். சிங்காநல்லூர் ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி. எழுபத்தொரு வயசு. மில்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்தான் பாலர் பள்ளி டீச்சர். பள்ளிக்கூடம் பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். மற்ற மூவருக்கும் (மூவரும் இப்போது இல்லை) அந்த மாதம் ராத்திரி ஷிப்ட். அதனால் பாட்டுப் பதிவு மத்தியானத்தில். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சருக்குக் குரல் கரகரப்பாகத்தான் வருகிறது. பாட்டு நின்று பதினோரு வருஷம்.

இந்துஜா அவரிடமும் பேசியிருக்கிறாள். டீச்சர் சொன்ன காரணம் வேறு. கிட்டார், ஆர்மோனியம், பேஸ் கிட்டார் மூன்றும் மூன்று வீட்டில் இருந்தன. சுதி சேர்க்க ஊரில் பொதுவாக ஒன்றும் கிடையாது. “ஊருக்கே பொதுவா ஒரு சத்தம் இருக்கே, சங்கு, அதுக்கே எல்லாரும் சேத்துக்குங்க” என்று டீச்சர்தான் கிட்டார் வாசித்த விக்டரிடம் சொன்னாராம். இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்போது அவரவர் வீட்டில் அவரவர் தந்தியை முறுக்கிக்கொள்வார்கள். ஆர்மோனியத்துக்கு மட்டும் உள்ளே இருக்கும் ரீடுகளைச் சுரண்டிச் சங்குக்குச் சேர்த்துவிட்டார்களாம். மறுநாள் படிப்பகத்தில் கூடியதும் நேராகப் பாட்டுதான். சங்கு நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவில் ஊதும். அதனால் பாட்டும் நடுவில் நிற்கிறது. அவ்வளவுதான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

கிரிதர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டானாம். “அழகான நினைவும்மா. ஆனா டெக்னிக்கலா மருதாசலம் சார் சொல்றதுதான் பொருந்துது” என்றானாம்.

டீச்சர் என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, “ஏப்பா, நீ பெல்ட் மாட்டுனப்ப நான் எங்க இருந்தேன்?” என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தீர்கள் என்றேன்.

“ஏழு தடவையுமா?”

வெயில் காலம் டீச்சர் என்றேன்.

டீச்சர் போனபின் பாக்கியம் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

பிப்ரவரி 10

கிரைண்டர் பெல்ட் தவறான அளவில் வாங்கிவிட்டேன். கடைக்காரனுக்கு விவரம் போதாது.

பிப்ரவரி 12

கிரிதர் போன் செய்தான். பழைய டேப் ஸ்பூலைச் சுத்தம் செய்து ஒவ்வொரு சத்தமாகப் பிரித்துப் பார்க்கிறார்களாம். கடைசிப் பாட்டில், சங்குக்கு நாலு விநாடி முன்னால் ‘ச்சூ, ச்சூ’ என்று ஒரு சத்தம். கனடாப் பையன் எடுத்துப் போட்டது அந்த நாலு விநாடிதான். ஆராய்ச்சி செய்த பெண், அது நூல் கற்றையைத் தரையில் உரசி உண்டாக்கிய புதுமையான தாளம் என்று பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாளாம். இப்போது சுத்தம் செய்து கேட்டால், ‘ச்சூ’வுக்குப் பிறகு ஒரு ஆள் குரல், “போ சனியனே” என்கிறதாம்.

“யாரோட குரல்னு தெரியுமா சார்?”

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

கொஞ்சம் வரலாறு. கடைசிப் பாட்டைச் சங்கோடு முடிக்க வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் பதிவு செய்ய முடியும். சரியாக ஒன்று ஐம்பத்தைந்துக்குத் தொடங்க வேண்டும். ஆறு நாளும் கெட்டது. அதில் நாலு நாள் கெடுத்தது படிப்பக வாசலில் படுத்திருந்த ஒரு செவலை நாய். அதனால் வாசலில் பொறுப்பான ஒரு நபர் தேவைப்பட்டார். எனக்கு அப்போது வேலை கிடைக்காத காலம். விக்டர் என்னை நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுத்தான். ஏழாவது நாள் நாய் வாயைத் திறக்கும் முன்பே நான் விரட்டிவிட்டேன். வாயால்தான் விரட்ட முடியும். விக்டர் அடிக்கவே வந்தான். டீச்சர்தான், “இருக்கட்டும் விடு. அதுவும் நம்ம லைன் வீட்டுச் சத்தந்தானே” என்று அப்படியே வைத்துக்கொண்டார்.

பெல்ட் வேலையெல்லாம் இதற்கு முன்பே முடித்திருந்தேன்.

பிப்ரவரி 15

சரிசெய்த பாட்டைக் கேட்கக் கொண்டுவந்தார்கள். நான், இந்துஜா, கிரிதர், எஸ்தர் டீச்சர். பாக்கியம் அடுக்களையில். முறுக்கு வைத்திருந்தாள்.

கிரிதர் விளக்கினான். என் பெல்ட் மிஷினை வேகமாக ஓட்டியதால் இத்தனை வருஷம் உலகம் கேட்டது இறங்கிப்போன குரல். இப்போது அந்த மூன்று பங்கை ஏற்றிவிட்டான். பாட்டு கச்சிதமாக நாலரைக் கட்டையில் நிற்கிறது. “இதுதாம்மா உங்க நிஜக் குரல்” என்று டீச்சரிடம் சொல்லிப் பெட்டியைத் தட்டினான்.

தொடங்கிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பாட்டில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவதில் தெரிந்தது. யாரோ ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடுகிற மாதிரி இருந்தது. டீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டார். கடைசிப் பாட்டு வந்தது. அந்த நீண்ட சுரம். ‘ச்சூ’. பிறகு சங்கு.

பாக்கியம் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“ஏனுங்க, இது எந்த மில்லுச் சங்கு?”

இந்துஜா சிரித்தாள். “நம்ம கோமதி மில்தான் அத்தை. நீங்க கேட்டு இருபது வருசம் ஆச்சு, மறந்திருப்பீங்க.”

“நானா மறந்தேன்? அந்தச் சங்கு ஊதித்தான் உலை வெச்சேன். அந்தச் சங்கு ஊதித்தான் இவரு சோத்துக்கு வந்தாரு. பக்கத்துல ஒரு மில்லுச் சங்கு இப்புடித்தான் கொஞ்சம் கீச்சுன்னு ஊதும். அதைக் கேட்டா நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். இது நம்மளது இல்ல, அம்மிணி.”

மில் லைனில் இருந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. சுற்றிலும் ஆறேழு மில். ஆறேழு சங்கும் ஐந்து நிமிஷத்துக்குள் ஊதும். தொட்டிலில் கிடக்கிற குழந்தை கூட தன் அப்பன் மில்லுச் சங்குக்குத்தான் முழிக்கும். கிரிதர் அந்தப் பக்கம் பிறக்காத பையன். “சங்கும் பாட்டும் ஒண்ணாத்தான் ஏறியிருக்கு ஆன்ட்டி, ரெண்டும் இன்னும் சேந்துதான் நிக்குது. மனுச நினைவு நம்ப முடியாது” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்க சார். நீங்களும் அதே சங்குக்குத்தானே இருபது வருசம் வேலை பாத்தீங்க?”

அந்தச் சமயம் என் வாயில் முறுக்கு இருந்தது.

டீச்சர் எழுந்தார். இந்துஜாவின் தலையைத் தொட்டு, “எனக்குத் தொண்டை போச்சு கண்ணு. என் குரல்னு ஒண்ணு இருக்கறது அந்த டேப்புல மட்டுந்தான். அதையும் வேற யாரோ ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடையை மறந்துவிட்டார். நான் குடையோடு பஸ் நிறுத்தம் வரை ஓடினேன். பஸ் போய்விட்டது. வழியில் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16

முறுக்கு இன்னும் நிறைய இருக்கிறது. யாரும் தொடவில்லை. நானும்.

பிப்ரவரி 17

இந்துஜா அழுதுகொண்டே போன் செய்தாள். புதன்கிழமை இசைத்தட்டு அச்சுக்குப் போகிறது. டீச்சர் கடிதம் அனுப்பியிருக்கிறாராம், மூன்று வரி: ‘எல்லாம் நல்லபடியாகப் போடுங்கள். வாழ்த்துகள். என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.’ டீச்சர் பெயர் இல்லாமல் அந்த இசைத்தட்டு எதற்கு என்று இந்துஜா கேட்டாள். கிரிதர், ஆதாரம் இல்லாமல் வேகத்தை மாற்ற முடியாது, கையில் இருக்கிற ஒரே சாட்சி பெல்ட்தான் என்கிறானாம். “மாமா, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

நான் மதியம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பாக்கியம் இன்று கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு, சரியான பெல்ட்டைத் தானே வாங்கி வந்து, ஒரு தேங்காய் உடைக்கிற நேரத்தில் மாட்டிவிட்டாள். மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “கிரைண்டருக்கே மாட்டத் தெரியாத மனுசன் டேப் ரிக்கார்டருக்கு மாட்டுனாருன்னு ஒரு டீச்சரோட பேரே அழியுது. நான் ஒண்ணும் சொல்லலீங்க. மாவு ஆட்டறேன்.”

மாவு ஆட்டினாள். அந்தச் சத்தத்தில் யோசிக்க முடியவில்லை. அது நின்ற பிறகும் முடியவில்லை.

பிப்ரவரி 18

குடையைக் கொடுக்க டீச்சர் வீட்டுக்குப் போனேன். இந்துஜாவையும் கிரிதரையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். அங்கே நான் ஆற்றிய உரை அரை மணி நேரம் இருக்கும். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலில் டீச்சரிடம் குடையைக் கொடுத்தேன். பிறகு கிரிதரிடம் சொன்னேன்.

“தம்பி, ஏழாவது நாளு காலையில அந்த பெல்ட் அறுந்துபோச்சு.”

“எந்த பெல்ட் சார்?”

“நான் போட்ட பெல்ட். அது இல்லாமத்தான் பதிவு நடந்துச்சு. பழைய பெல்ட்லயே. மிஷின் சரியான வேகத்துலதான் ஓடுச்சு.”

“ஆனா மத்த ஆறு பாட்டு...”

“அதுக்கு முன்னாலயும் அறுந்துபோச்சு.”

கிரிதர் நோட்டை மூடினான். ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். நான் குடையைப் பார்த்தேன். இந்துஜா ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

“நான் உள்ளயே வரலீங்க. வாசல்ல நாய் வெரட்டிட்டு நின்னேன். அந்த ச்சூ நாந்தான். டீச்சர் சொன்னதுதான் நெசம். ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுனா, விக்டர் வீட்டுல கிட்டார் முறுக்கற சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கும். மூணு தெரு தள்ளி ஆர்மோனியமும் கேக்கும். சங்குக்கு எல்லாத்தையும் சேத்துவெச்சது டீச்சருதான். பாக்கியம் சொன்ன மாதிரி, நீங்க வேகம் ஏத்துனப்ப கேட்டது எங்க மில்லுச் சங்கு இல்ல. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. வாயில முறுக்கு இருந்துச்சு.”

கிரிதர் காதில் ஹெட்போனை மாட்டினான். மாற்றாத பழைய பாட்டைப் போட்டுக் கேட்டான், சங்கு வரைக்கும். பிறகு அதைக் கழற்றி டீச்சர் காதில் மாட்டினான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், “ஆமா, நாந்தான்” என்றார்.

இந்துஜாவுக்கு நான் சொன்ன பெல்ட் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. புத்தகத்தில் ஏற்கெனவே இரண்டு பத்தி இருக்கிறது. டீச்சர் அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். ரேஸ் சைக்கிள், சவரக் கத்தி, ஏழு பெல்ட், எல்லாம் படித்தார். பேனாவை எடுத்து அந்த இரண்டு பத்தியையும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார், பிள்ளைகளின் சிலேட்டில் போடுகிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, “அறுந்துபோச்சுன்னு சொல்றாரில்ல, அப்புறம் எதுக்கு எழுதணும்?” என்றார்.

அதோடு விட்டுவிட்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

மார்ச் 4

ரேஷனில் பாமாயில் வரவில்லை.

ஏப்ரல் 21

இசைத்தட்டு வந்துவிட்டது. கறுப்பு, பெரிய தட்டு அளவு. வீட்டில் அதை ஓட்டும் மிஷின் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள், நான் விளக்குகிறேன்.

புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்: ‘குரல், சுதி அமைப்பு: எஸ்தர் சரோஜினி. இந்த இசைத்தொகுப்பின் வாத்தியங்கள் அனைத்தும் கோமதி மில் சங்குக்குச் சுதி சேர்க்கப்பட்டவை. இது அவர் யோசனை.’ கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: ‘கடைசிப் பாட்டில் ச்சூ: மருதாசலம்.’ அதையும் டீச்சர்தான் போடச் சொன்னாராம். கனடாப் பையன் இந்துஜாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான், அந்த ச்சூக்காரரோடு பேச முடியுமா என்று. பேசலாம், நேரம் ஒதுக்கிச் சொல்கிறேன் என்றேன். நாய் எந்த இனம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

டீச்சரும் பாக்கியமும் இந்துஜாவின் போனில் முழுவதும் கேட்டார்கள். சங்கு வந்ததும் பாக்கியம் எழுந்துபோய் அடுப்பில் உலை வைத்தாள். மணி அப்போது காலை பத்தரை. வைத்துவிட்டுத் தானே சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். நான் சோற்றுக்குக் கையைக் கழுவிவிட்டிருந்தேன்.

இதைப் பின்னால் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த டைரியில் எழுதியது எல்லாமே நடந்தது. ஒன்றைத் தவிர. பெல்ட் அறுந்துபோனது என்று எழுதியிருக்கிறேன். அறுவதற்கு அங்கே என் பெல்ட் என்று ஒன்று இருந்ததே இல்லை.